ஏற்காட்டுச் சரிவில் ஜி.ஐ. பைப் பசுமைக்குடில்: அளவு போடுவதிலிருந்து கடைசி போல்ட் வரை

மலையில் நாற்றங்காலுக்கோ, குடைமிளகாய்க்கோ, ஆர்க்கிட் தொட்டிகளுக்கோ சின்னதாக ஒரு பசுமைக்குடில் போட நினைக்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் பைப் வாங்கிவிடுகிறார்கள், அப்புறம் இடம் பார்க்கிறார்கள், கடைசியில்தான் அளவு போடுகிறார்கள். வரிசை தலைகீழ். இந்த வேலையில் கஷ்டமான ஒரு கட்டம் என்று எதுவும் இல்லை, எல்லாமே நம்மூர் கொத்தனாரும் பிட்டரும் தினமும் செய்கிற வேலைதான். ஆனால் எதற்கு அப்புறம் எது என்பது மாறினால், குழியில் விட்ட அரை இன்ச் தப்பு கூரை உச்சிக்குப் போகும்போது ஒரு சாண் ஆகிவிடும். அதனால் இங்கே வரிசைக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

நான் எடுத்துக்கொண்டிருப்பது 12 மீட்டர் நீளம், ஏறக்குறைய மூன்றரை மீட்டர் அகலம், நடுவில் ஏழடி உயரம் உள்ள, அரைவட்ட வளைவுகள் கொண்ட ஒற்றைக் குடில். இரண்டு பேர் சேர்ந்து செய்யலாம், மூன்றாவது ஆள் இருந்தால் வளைவு நிறுத்துகிற அன்றைக்கு நிம்மதி.

ஒரு விஷயம் முதலிலேயே. தோட்டக்கலைத் துறை மானியம் வாங்கும் எண்ணம் இருந்தால் கடப்பாரையைத் தொடுவதற்கு முன்னால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போய்வாருங்கள். அவர்கள் கேட்கும் பைப் அளவும் உயரமும் வேறாக இருக்கும். வேலையை முடித்துவிட்டுப் போய் நின்றால் ஒன்றும் நடக்காது.

1. அளவைப் பைப்பின் நீளத்திலிருந்து எடுங்கள்

ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப், 6 மீட்டர் நீளத்தில் வருகிறது, நம் கடைகளில் இருபதடி என்பார்கள். ஒரு முழுப் பைப்பை வெட்டாமல், ஒட்டுப் போடாமல் ஒரு வளைவாக்க வேண்டும் என்பதுதான் முதல் விதி. வளைவின் நடுவில் ஒட்டு இருந்தால் காற்று அடிக்கிற அன்றைக்கு மடங்குவது அந்த இடம்தான்.

கணக்கு இப்படி. பைப்பின் இரண்டு நுனியிலும் 30 சென்டிமீட்டர் நேராக விட்டுவிடுகிறோம், அது அடிப்பைப்புக்குள், அதாவது கான்கிரீட்டில் காலாக நடும் பைப்புக்குள் இறங்கும் பகுதி. மீதி 5.40 மீட்டர். அது அரைவட்டமானால் ஆரம் 1.72 மீட்டர், அகலம் 3.44 மீட்டர். அடிப்பைப் தரைக்கு மேல் 45 சென்டிமீட்டர் நிற்கும் என்பதால் நடு உயரம் 2.17 மீட்டர்.

"ஐந்து மீட்டர் அகலம் வேண்டும்" என்று ஆரம்பித்தால் பைப் பற்றாது, ஒட்ட வேண்டி வரும், அப்புறம் நடுவில் கால் வைக்க வேண்டி வரும். பெரிதாக வேண்டுமானால் நீளத்தைக் கூட்டுங்கள், அகலத்தைத் தொடாதீர்கள்.

வளைவுகளுக்கு இடையே 1.5 மீட்டர். 12 மீட்டருக்கு எட்டு இடைவெளி, ஆக ஒன்பது வளைவு, பதினெட்டு கால். எட்டு வளைவு போதும் என்று கணக்குப் போட்டுவிட்டு கடைசி வளைவுக்குப் பைப் இல்லாமல் மறுபடி மலை இறங்குகிறவர்கள் உண்டு.

சேலம், ஓமலூர், வாழப்பாடி பக்கம் சமவெளியில் இருப்பவர்களுக்கு: இதே கூட்டைப் போடலாம், ஆனால் அதன்மேல் பாலித்தீன் போடாதீர்கள். ஏழடி உயரத்துக் குடிலுக்குள் சித்திரை வெயிலில் செடி வெந்துபோகும். 50 சதவீத நிழல்வலை போதும். பாலித்தீன்தான் வேண்டும் என்றால் உயரமும் மேலே காற்றுத் திறப்பும் உள்ள வேறு வடிவம் வேண்டும், அது இந்தக் கட்டுரைக்குள் அடங்காது.

2. கடையில் என்ன கேட்பது

செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்து இரும்புக் கடைகளில் "ஒரு இன்ச் ஜி.ஐ. பைப்" என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் எதை வேண்டுமானாலும் கொடுப்பார், அவர் மேல் தப்பில்லை. மூன்று ரகம் இருக்கிறது. மெல்லியதற்கு மஞ்சள் பட்டை, நடுத்தரத்துக்கு நீலப் பட்டை, கெட்டிக்குச் சிவப்புப் பட்டை. ஏ கிளாஸ், பி கிளாஸ், சி கிளாஸ் என்பதும் இவைதான்.

நமக்கு வேண்டியது நீலம். ஒரு இன்ச் நீலப் பட்டையின் சுவர் 3.2 மில்லிமீட்டர், ஆறு மீட்டர் பைப் ஏறக்குறைய பதினான்கரை கிலோ இருக்கும். மஞ்சள் பட்டை பன்னிரண்டு கிலோதான் வரும். பட்டையின் பெயிண்ட் அழிந்திருந்தால் தராசில் வைத்துப் பாருங்கள், எடை பொய் சொல்லாது. மஞ்சள் பட்டையில் மீட்டருக்குக் கொஞ்சம் காசு மிச்சமாகும், ஆனால் வளைக்கும்போதே சப்பையாகிற வாய்ப்பு அதிகம்.

இன்னொரு குழப்பம், ஒரு இன்ச் என்பது பைப்பின் உள்வழியைக் குறிக்கும் பெயர். வெளிவிட்டம் 33.7 மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர் கிளாம்ப் வாங்கிக்கொண்டு வந்து மாட்டிப் பார்த்தால் வாயே திறக்காது. கிளாம்பையும் போல்ட்டையும் பைப்பின் ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

அடிப்பைப்புக்கு ஒன்றேகால் இன்ச், அதுவும் நீலப் பட்டை. இதன் உள்வழி 36 மில்லிமீட்டர், ஒரு இன்ச் பைப் உள்ளே சுலபமாக இறங்கும், இரண்டு மில்லிமீட்டர் இடம் மிச்சமிருக்கும். "அடியில் போவது கெட்டியாக இருக்கட்டுமே" என்று சிவப்புப் பட்டை எடுத்தால் உள்வழி 34.4 ஆகிவிடும், உள்ளே வெல்டிங் தையல் வேறு துருத்திக்கொண்டிருக்கும், பைப் இறங்காது. கடையிலேயே ஒன்றுக்குள் ஒன்று விட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

வாங்க வேண்டியவை:

ஒரு இன்ச் பைப் 12. ஒன்பது வளைவுக்கு, ஒன்று சோதனைக்கு, இரண்டு வாசல் பக்கத்துக்கு.

ஒன்றேகால் இன்ச் பைப் 4. மூன்றை மீட்டர் மீட்டராக வெட்டினால் பதினெட்டு கால் கிடைக்கும். நான்காவது வளைக்கும்போது நெம்புவதற்கு.

முக்கால் இன்ச் பைப் 8. பர்லினுக்கு, அதாவது வளைவுகளை நீளவாட்டில் இணைக்கும் பைப்புக்கு ஆறு, கிராஸுக்கு, அதாவது மூலைகளில் சாய்வாக வரும் தாங்கலுக்கு இரண்டு.

சிமெண்ட் ஆறு மூட்டை, அதற்குத் தக்க எம்-சாண்ட், முக்கால் ஜல்லி. கிராஸ் கிளாம்ப், 8 மில்லிமீட்டர் போல்ட் நட்டு வாஷர் எல்லாம் துத்தநாகம் பூசியது, ஒரு டப்பா ஜிங்க் பெயிண்ட்.

பைப்பை மரையில்லாமல் கேளுங்கள். ஒரு நுனியில் மரையும் கப்ளிங்கும் மாட்டித்தான் தருகிறார்கள் என்றால், வளைவுக்கான பைப்பில் கப்ளிங்கைக் கழற்றிவிட வேண்டும், அது அடிப்பைப்புக்குள் போகாது. பர்லினுக்கான பைப்பில் மட்டும் அது இருக்கட்டும், இரண்டை இணைக்க உதவும்.

3. மலைக்கு ஏற்றுவது

இதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. சேலத்திலேயே ரோலரில் கொடுத்து வளைத்துக்கொண்டு போனால் வேலை சுலபம் என்று தோன்றும். மூன்றரை மீட்டர் அகல வளைவை வண்டியில் வைத்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏற்றிப் பாருங்கள், எதிரே பஸ் வந்தால் தெரியும். நேரான பைப்பாகவே ஏற்றி, மேலே வைத்து வளைப்பதுதான் சரி.

குட்டியானையில் இருபதடி பைப் பாதிக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், திருப்பத்தில் அந்த வால் ரோட்டையே கூட்டும். நீளமான தொட்டி உள்ள வண்டி பிடியுங்கள், நுனியில் சிவப்புத் துணி கட்டுங்கள், காலையில் சீக்கிரம் ஏற்றுங்கள். மே மாதம் கோடை விழா நடக்கும் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

பைப் வந்து இறங்கியதும் ஈர மண்ணில் போடக் கூடாது. ஒன்றோடொன்று ஒட்டி ஈரத்தில் கிடந்தால் பூச்சின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். மரத் துண்டுகளின் மேல், ஒரு பக்கம் கொஞ்சம் சாய்வாக, காற்று போகிற மாதிரி அடுக்குங்கள்.

4. இடம்

தை, மாசி மாதங்கள் நல்லவை. வடகிழக்கு மழை முடிந்து மண் இறுகியிருக்கும், கோடை மழையோடு வரும் சுழற்காற்று இன்னும் ஆரம்பித்திருக்காது.

மலையில் சமமான இடம் கிடைக்காது, சரிவை வெட்டித்தான் தளம் எடுக்க வேண்டும். மேல்பக்கம் வெட்டிய மண்ணைக் கீழ்பக்கம் கொட்டி நிரப்புகிறோம். ஆபத்து அந்தக் கீழ்பக்கத்தில்தான். நிரப்பிய மண் முதல் மழைக்கே உட்காரும், அந்த வரிசைக் கால்களும் கூடவே உட்காரும், கூடு ஒரு பக்கம் சாயும். முடிந்தவரை குடில் முழுவதும் வெட்டிய தரையில் நிற்கும்படி தளத்தை உள்ளே தள்ளுங்கள். முடியாவிட்டால் கீழ்வரிசைக் குழிகளை நிரப்பு மண்ணைத் தாண்டி பழைய மண் தட்டுகிற வரை ஆழப்படுத்துங்கள். அங்கே ஒரு மீட்டர் அடிப்பைப் பற்றாது, நீளமாக வெட்ட வேண்டியிருக்கும், ஆக இதைப் பைப் வெட்டுவதற்கு முன்னால் கடப்பாரை போட்டுப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

நீளப்பக்கம் சரிவுக்குக் குறுக்காக, மட்டத்தோடு போகட்டும். மேல்பக்கத்தில், கூட்டிலிருந்து மூன்றடி தள்ளி ஒரு வாய்க்கால் எடுத்து ஓரமாக இறக்கிவிடுங்கள். இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் ஒரு மழைக்கே அடிக் கான்கிரீட்டைச் சுற்றி மண் அரித்துவிடும்.

சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் வேண்டாம். நிழலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காற்றில் ஒடிந்து விழும் கிளைதான் பிரச்சினை, அதற்குப் பாலித்தீனும் தாங்காது, பைப்பும் தாங்காது.

5. மூலை பார்த்து நூல் கட்டுதல்

அவசரப்படக் கூடாத கட்டம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஒரு முழு மத்தியானம் இதற்குப் போனாலும் பரவாயில்லை.

நான்கு மூலையில் முளைக்குச்சி அடித்து, அகலம் 3.44, நீளம் 12 மீட்டர் வைத்து நூல் கட்டுங்கள். இந்த அளவு கால் நடுவிலிருந்து கால் நடு வரை. சிலர் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கோ, உள் விளிம்பிலிருந்து உள் விளிம்புக்கோ அளக்கிறார்கள், அங்கேயே நாலு சென்டிமீட்டர் போய்விடும்.

அப்புறம் குறுக்களவு. எதிரெதிர் மூலைகளுக்கு இடையே இரண்டு பக்கமும் 12 மீட்டர் 48 சென்டிமீட்டர் வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் நாற்சதுரம் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம், இரண்டு முளையை ஒரே பக்கமாக நகர்த்தி மறுபடி அளங்கள். கொத்தனாரின் மூலைமட்டம் இந்த நீளத்துக்குப் போதாது, கையளவு மட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசகு 12 மீட்டரில் பெரிதாகத் தெரியும்.

குழி வெட்டினால் மூலை முளை போய்விடும். அதனால் ஒவ்வொரு நூலையும் மூலையைத் தாண்டி ஒரு மீட்டர் வெளியே நீட்டி அங்கே ஒரு முளை அடித்து வையுங்கள். குழி வெட்டும்போது நூலை அவிழ்த்துவிட்டு, அப்புறம் அதே ஆணியில் கட்டினால் கோடு அதே இடத்துக்கு வந்துவிடும்.

பிறகு நீள நூலில் 1.5 மீட்டருக்கு ஓர் அடையாளம், சுண்ணாம்பு வைத்துக்கொண்டே போங்கள். ஒவ்வொன்றையும் முதல் மூலையிலிருந்து டேப் வைத்து அளங்கள்: 1.5, 3, 4.5 என்று. முந்தைய அடையாளத்திலிருந்து அடுத்ததை அளந்தால் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும்.

6. குழி, அடிப்பைப், கான்கிரீட்

ஓரடி அகலம், இரண்டடி ஆழம். சென்டிமீட்டர் கணக்கில் 30 க்கு 60. இவ்வளவு எதற்கு என்று கேட்பார்கள். இந்தக் கூட்டுக்குத் தன் எடையைத் தாங்குவது பெரிய வேலையில்லை, மேலே பறக்காமல் இருப்பதுதான் வேலை. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிலோ எடை அளவுக்கு அழுத்தும் அல்லது இழுக்கும். ஒரு வளைவின் பங்குக்கு ஐந்து சதுர மீட்டர் கூரை, அதாவது 120 கிலோவுக்கு மேல். காற்றின் வேகம் இரட்டிப்பானால் இழுப்பு நான்கு மடங்காகும். நாம் போடும் குழி ஒன்றுக்கு நூறு கிலோ கான்கிரீட் கொள்ளும், இரண்டு காலுக்கு இருநூறு, அதோடு சுற்றியுள்ள மண்ணின் பிடி. குழியைப் பாதியாகக் குறைத்துச் சிமெண்ட் மிச்சம் பிடிப்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடிப்பைப்பின் கீழ்முனையிலிருந்து நான்கு விரல் மேலே ஒரு துளை போட்டு, அதில் ஒரு சாண் நீளக் கம்பித் துண்டைக் குறுக்கே செருகுங்கள். வழுவழுப்பான பைப் கான்கிரீட்டிலிருந்து உருவிக்கொண்டு வராமல் இது பிடித்துக்கொள்ளும். பைப்பின் மேல்வாயைப் பிளாஸ்டிக் கவர் வைத்துக் கட்டுங்கள், கலவை உள்ளே விழுந்து இறுகினால் வளைவு இறங்காது.

முதலில் நான்கு மூலைக்கு மட்டும் கான்கிரீட் போடுங்கள். சிமெண்ட் ஒன்று, மணல் இரண்டு, ஜல்லி நான்கு என்ற கலவை போதும், தண்ணீர் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழியின் அடியில் ஐந்து சென்டிமீட்டர் கலவை போட்டு அதன்மேல் பைப்பை நிறுத்துங்கள், மண்ணைத் தொட்டால் அடியிலிருந்து துரு ஏறும். ரசமட்டத்தை இரண்டு திசையிலும் வைத்துப் பாருங்கள். ஒரு திசையில் மட்டும் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போவதுதான் அடிக்கடி நடக்கிற தப்பு.

நான்கு மூலையின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இதற்குத் தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல்தான் நம்பகமானது. சரிவில் கண்ணை நம்பாதீர்கள், மலையில் எல்லாமே சாய்வாக இருப்பதால் மட்டமானதுதான் கோணலாகத் தெரியும். டியூபுக்குள் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் மூலைகள் இறுகிய பிறகு, மூலைத்தலையிலிருந்து மூலைத்தலைக்கு நூல் இழுத்துக் கட்டி, நடுவிலுள்ள கால்களை அந்த நூலைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி நிறுத்துங்கள். நூலைத் தள்ளிக்கொண்டு ஒரு கால் நின்றால், அதற்கடுத்த எல்லாக் கால்களும் அந்தத் தப்பை நம்பித்தான் நிற்கும்.

கலவை ஈரமாக இருக்கும்போதே வளைவைச் செருகிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். வளைத்த பைப் எப்போதும் விரியப் பார்க்கும், ஈரக் கான்கிரீட்டில் நிற்கும் காலை வெளியே சாய்த்துவிடும். ஏழு நாள் சாக்கு போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். அந்த ஏழு நாளில் செய்ய வேறு வேலை இருக்கிறது.

கான்கிரீட் இறுகியதும், கான்கிரீட் மட்டத்துக்குச் சற்று மேலே ஒவ்வொரு அடிப்பைப்பிலும் ஒரு சின்னத் துளை போட்டுவிடுங்கள். பனிக்காலத்தில் பைப்புக்குள் சொட்டும் ஈரம் அதன் வழியாக வெளியே போகும்.

7. பைப் வளைத்தல்

காபி உலர்த்தும் களம் இருந்தால் அதைவிடத் தோதான இடம் இல்லை. முதலில் களத்தில் சாக்பீஸால் 1.72 மீட்டர் ஆரத்தில் முழு அளவு அரைவட்டம் போடுங்கள். நடுவில் ஆணி, ஆணியில் நூல், நூல் நுனியில் சாக்பீஸ், அவ்வளவுதான். இதுதான் உங்கள் அளவுகோல், ஒவ்வொரு வளைவையும் இதன்மேல் படுக்கவைத்துச் சரிபார்க்க வேண்டும்.

வளைப்பதற்கான அச்சை இந்த ஆரத்தில் செய்யக் கூடாது. பைப்பை வளைத்துவிட்டுக் கையை எடுத்தால் கொஞ்சம் திரும்ப விரியும். 1.72 வேண்டுமானால் அச்சு ஏறக்குறைய 1.5 மீட்டர் ஆரத்தில் இருக்க வேண்டும். பைப்புக்குப் பைப் இரும்பின் விறைப்பு மாறும் என்பதால்தான் சோதனைக்கென்று ஒரு பைப் அதிகம் வாங்கச் சொன்னேன். அதை வளைத்துச் சாக்பீஸ் கோட்டில் வைத்துப் பாருங்கள், அதிகம் விரிந்தால் அச்சின் ஆரத்தை இன்னும் குறையுங்கள், உள்ளே போனால் கூட்டுங்கள். கோட்டிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை, கையால் இழுத்துச் செருகிக்கொள்ளலாம்.

அச்சுக்கு இரண்டு இன்ச் சில்வர் ஓக் பலகையைக் கால்வட்டத் துண்டுகளாக அறுத்து, இரண்டு அடுக்காக ஆணி அடித்து, களத்து ஓரத்து மண்ணில் தடித்த இரும்புக் கம்பிகளை ஆழமாக இறக்கி அதோடு பிணையுங்கள். பைப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்ள அச்சின் தொடக்கத்தில் ஒரு கொக்கி வேண்டும். அச்சு அசைந்தால் வளைவு எதுவும் ஒன்றுபோல வராது.

வளைக்கும் முன்பு ஒவ்வொரு பைப்பிலும் மூன்று அடையாளம்: சரி நடு, இரு நுனியிலும் 30 சென்டிமீட்டர். அதோடு பைப்பின் நீளத்துக்கும் ஒரே நேர்கோடு இழுங்கள். வளைக்கும்போது அந்தக் கோடு எப்போதும் வானத்தைப் பார்த்தே இருக்க வேண்டும். பாதி வளைத்துவிட்டுப் பைப்பைத் திருப்பி மறுபாதியை வளைக்கும்போதுதான் பைப் கொஞ்சம் உருண்டுவிடும். வளைவு முறுக்கிக்கொள்ளும், தரையில் வைத்தால் ஒரு கால் தூக்கிக்கொண்டு நிற்கும். அதைத் திருத்துவது புதிதாக வளைப்பதைவிடப் பெரிய வேலை.

பைப்பில் மெல்லிய கோடாக வெல்டிங் தையல் தெரியும். அதுவும் மேலே அல்லது கீழே பார்த்து இருக்கட்டும், வளைவின் வெளிப்பக்கமோ உள்பக்கமோ வர வேண்டாம். வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும், இரண்டுக்கும் நடுவில் இருந்தால் தையலுக்கு வேலை குறைவு.

நுனி நெருங்க நெருங்க நெம்பக் கை பற்றாது. அப்போது ஒன்றேகால் இன்ச் பைப்பை நுனியில் மாட்டி நெம்புங்கள். 30 சென்டிமீட்டர் அடையாளம் வரை அது உள்ளே போயிருந்தால் அந்தப் பகுதி வளையாமல் நேராகவே நிற்கும், நமக்கும் அதுதான் வேண்டும். ஒரே இடத்தில் முழு பலத்தையும் போடாதீர்கள், அரையடி அரையடியாக நகர்த்தி நகர்த்தி அழுத்துங்கள். இந்த ஆரத்துக்கு மணல் நிரப்பத் தேவையில்லை, சூடு காட்டவே கூடாது, துத்தநாகப் பூச்சு போய்விடும்.

8. வளைவுகளை நிறுத்துதல்

காலைப் பனி விலகிய பிறகு ஆரம்பியுங்கள். ஈரப் பைப் கையில் வழுக்கும், டிரில்லிங் மெஷினுக்கும் ஈரம் ஆகாது. இடி கேட்டால் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள்.

முதல் வளைவும் ஒன்பதாவது வளைவும் முதலில். இரண்டையும் செருகி, தூக்குக்குண்டு விட்டு நேராக்கி, கயிறு கட்டி முன்னும் பின்னும் இழுத்து நிறுத்துங்கள். ஒன்றின் உச்சி நடு அடையாளத்திலிருந்து மற்றதன் உச்சிக்கு நூல் இழுங்கள். இடையிலுள்ள ஏழு வளைவும் இந்த நூலுக்கு வர வேண்டும்.

இன்னும் துளை போடாதீர்கள். எல்லா வளைவும் செருகி, ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்கி உச்சி நூலைத் தொடும்படி செய்து, அடிப்பைப்பின் தலையில் வளைவைச் சுற்றி ஒரு கிளாம்ப் இறுக்கித் தற்காலிகமாக நிறுத்துங்கள். முதல் வளைவிலிருந்து கடைசி வரை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். ஒன்பதும் ஒன்றாய்த் தெரிந்தால்தான் துளை. அடிப்பைப்பின் தலையிலிருந்து பத்து சென்டிமீட்டர் கீழே, இரண்டு பைப்பையும் ஊடுருவி 8 மில்லிமீட்டர் போல்ட்.

செருகிய உடனே ஒவ்வொன்றாகத் துளை போட்டு முடித்துக்கொண்டே வருகிறவர்கள்தான் அதிகம். வேகமாகப் போகிற மாதிரி இருக்கும். ஐந்தாவது வளைவில் உச்சி இரண்டு விரல் மேலே நிற்பது தெரியவரும்போது துளையை மாற்ற முடியாது, பக்கத்தில் இன்னொன்று போட்டால் இரண்டும் சேர்ந்து பைப் அங்கே பலவீனமாகிவிடும்.

9. பர்லின், கிராஸ்

முக்கால் இன்ச் பைப்பை இரண்டிரண்டாக இணைத்து மூன்று வரிசை: உச்சியில் ஒன்று, தோள்பட்டையில் பக்கத்துக்கு ஒன்று. தோள்பட்டை என்றால் அடிப்பைப் தலையிலிருந்து வளைவின் மேலேயே 1.35 மீட்டர் அளந்த இடம். இணைப்புகள் மூன்றும் ஒரே இடைவெளியில் விழாதபடி ஒன்றை முன்னே, ஒன்றைப் பின்னே மாற்றுங்கள். அதற்கு ஒரு வரிசையில் பைப்பைப் பாதியாக வெட்டிப் போட வேண்டியிருக்கும்.

பர்லினைத் தூக்குவதற்கு முன், தரையிலேயே 1.5 மீட்டர் அடையாளம் வைத்துவிடுங்கள். மேலே நின்றுகொண்டு டேப் பிடித்தால் ஆளுக்கொரு அளவு சொல்வீர்கள்.

பர்லின் வளைவுக்கு உள்பக்கம் வர வேண்டும், வெளியே கூடாது. வெளியே இருந்தால் பாலித்தீன் அதன்மேல் ஏறி இறங்கும், மேல்பக்கம் தண்ணீர் தேங்கிப் பை மாதிரி தொங்கும். யு-போல்ட் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, யுவின் வளைவு பைப்புக்கு மேலே துருத்திக்கொண்டு வரும், பாலித்தீன் கிழிவது அங்கேதான் ஆரம்பிக்கும். கிராஸ் கிளாம்ப் கொஞ்சம் விலை கூட, ஆனால் நட்டு எல்லாம் உள்ளே பார்த்து நிற்கும். உச்சியில் வளைவைத் துளைக்க வேண்டாம் என்பதற்காகவும் கிளாம்புதான் நல்லது.

எல்லாக் கிளாம்பையும் விரலால் திருகும் அளவுக்கு மட்டும் மாட்டுங்கள். முழு இறுக்கம் இப்போது இல்லை.

கிராஸ் பைப் நான்கு. மூலைக்கு ஒன்று, 2.2 மீட்டர் நீளம். கடைசி வளைவின் தோள்பட்டையிலிருந்து சாய்ந்து அடுத்த வளைவின் அடிப்பைப்பில் முடியும். நுனியைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கி, துளை போட்டு, போல்ட் பண்ணலாம். பர்லின் வளைவுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கும், அவ்வளவுதான், மொத்த வரிசையும் ஒரே பக்கம் சாய்வதை அதனால் தடுக்க முடியாது. கிராஸ் இல்லாத கூடு நீளவாட்டில் காற்று வந்தால் அடுக்கி வைத்த சீட்டுக்கட்டு போலச் சரியும். "பாலித்தீன் போட்டதும் டைட்டாகிவிடும்" என்று இதை விட்டுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பாலித்தீன் போட்ட பிறகுதான் காற்றுக்குப் பிடிமானமே கிடைக்கிறது.

கிராஸ் மாட்டும்போது தூக்குக்குண்டு மறுபடி. முதல் வளைவும் கடைசி வளைவும் செங்குத்தாக இருக்கின்றனவா பார்த்து, கிராஸை இறுக்கி, அப்புறம் உச்சிப் பர்லின், பிறகு தோள்பட்டைகள், கடைசியில் அடி போல்ட்டுகள். இறுக்குவது நடுவிலிருந்து இரண்டு பக்கமும் போக வேண்டும்.

இங்கே எங்கும் வெல்டிங் வேண்டாம். ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் வைத்தால் அந்த இடத்துப் பூச்சு எரிந்துவிடும், மலை ஈரத்தில் துரு அங்கே முதலில் பிடிக்கும். அந்த வெள்ளைப் புகையும் ஆகாது, மூச்சில் போனால் அன்று ராத்திரி குளிர்காய்ச்சல் வரும். தவிர்க்கவே முடியாத இடத்தில், திறந்தவெளியில் வைத்து, பிறகு தேய்த்துச் சுத்தம் செய்து ஜிங்க் பெயிண்ட் இரண்டு கோட்டிங்.

10. வாசல் பக்கம்

இரண்டு முனையிலும் நடுவில் ஒரு மீட்டர் இடைவெளியில் இரண்டு நிலைப்பைப், மேலே ஒரு குறுக்குப் பைப். நிலைப்பைப் 2.45 மீட்டர் நீளம், ஒரு முழுப் பைப்பில் இரண்டு வெட்டினால் மிச்சமுள்ள ஒரு மீட்டர் சொச்சம் அந்தக் குறுக்குப் பைப்புக்குச் சரியாகப் போய்விடும். குறுக்குப் பைப் 1.9 மீட்டர் உயரத்தில் வரட்டும், தள்ளுவண்டியும் ஆளும் குனியாமல் போகலாம்.

இதைக் கடைசியில் செய்யச் சொல்வதற்குக் காரணம், வளைவு இறுக்கிய பிறகுதான் அதன் உண்மையான உயரம் தெரியும். நிலைப்பைப்பை முன்னாலேயே கான்கிரீட்டில் நட்டுவிட்டால், வளைவு அதற்கு மேலே இடிக்கும் அல்லது இரண்டு விரல் இடைவெளி விட்டு நிற்கும்.

எதிர்முனையிலும் வாசல் அளவுக்குத் திறப்பு விட்டு வலை அடியுங்கள், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வழி வேண்டும்.

11. பாலித்தீன் போடுவதற்கு முன்

கையில் ஒரு பழைய நைலான் துணியை வைத்துக்கொண்டு எல்லா வளைவின் மேலும் தேய்த்துக்கொண்டே போங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே பாலித்தீனும் கிழியும். பிசிறை அரம் போட்டு எடுத்து, வெட்டிய நுனிகளிலும் துளைகளிலும் ஜிங்க் பெயிண்ட் தொட்டுவிட்டு, போல்ட் தலை தெரிகிற இடமெல்லாம் டேப் சுற்றுங்கள்.

வளைவின் மேல்முதுகில் வெள்ளை பெயிண்ட் அடித்துவிடுங்கள். வெயிலில் சுடும் பைப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில்தான் பாலித்தீன் முதலில் நொறுங்குகிறது. 200 மைக்ரான் தாள் மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்க, பைப் கோட்டில் மட்டும் கிழிந்து தொங்குவதற்குக் காரணம் இதுதான்.

பாலித்தீனைப் பிடிக்கும் பள்ளமுள்ள அலுமினியப் பட்டையை, அதாவது புரொஃபைலை, தாள் வருவதற்கு முன்பே இரண்டு முனை வளைவிலும், பக்கவாட்டில் கால்களின் தலைமட்டத்திலும் திருகிவிட வேண்டும். தாளை அந்தப் பள்ளத்துக்குள் அழுத்திப் பிடிக்கும் ஜிக்ஜாக் ஸ்பிரிங் மட்டும் தாள் இழுக்கிற அன்றைக்கு. தாள் இழுப்பது காற்றே இல்லாத காலை நேரத்தில், வெயில் ஏறுவதற்குள்.

கூடு நிறுத்தி முதல் பலத்த காற்று அடித்து ஓய்ந்ததும் ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு எல்லா நட்டையும் ஒரு சுற்றுப் பாருங்கள். பாதி நட்டுகள் கால் திருகாவது எடுக்கும், கிராஸ் பைப்பின் சப்பை நுனியில் இருப்பவை கூடுதலாகவே தளர்ந்திருக்கும். அங்கே மட்டும் ஸ்பிரிங் வாஷர் போட்டு மறுபடி இறுக்குங்கள்.